சிராங்கூன் முதல் கடலூர் வரை: பொங்கோல் நகர அமைப்பும் சிங்கப்பூர்த் தமிழர் வாழிட வரலாறும்

முன்னுரை

சிங்கப்பூரின் வடகிழக்குக் கடலோரத்தில் அமைந்துள்ள பொங்கோல் நகரில் இலகு ரயிலின் கிழக்குத் தடம் 2005ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் திறக்கப்பட்டது. அத்தடத்தின் நிலையங்களுள் ஒன்றன் பெயர் கடலூர். கடலோர ஊர் என்னும் பொருளில் சூட்டப்பட்ட தமிழ்ப் பெயர் இது. அண்டை நகரான செங்காங்கில் அதே நாளில் திறக்கப்பட்ட மேற்குத் தடத்தில் தங்கம் என்றொரு நிலையமும் உண்டு. தமிழகத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் தமிழர் இப்பெயர்களைக் கண்டவுடன் அங்குப் பழந்தமிழ்க் குடியிருப்பு ஒன்று இருந்திருக்கும் என எண்ணுதல் இயல்பு. ஆயின் கடலூர் என்பது பழைய ஊரொன்றின் பெயர் நிலைபெற்றதன்று. புதுநகர் ஒன்றைத் திட்டமிட்டோர், நாட்டின் அதிகாரத்துவ மொழிகளிலிருந்து பொருத்தமான சொற்களைத் தேர்ந்து வழங்கியபோது கிடைத்த பெயரே அது.

ஊர் முதலில் தோன்றிப் பெயர் பின்னர் வருவது ஒருவகை வரலாறு. பெயர் முதலில் வந்து ஊர் பின்னர் அமைவது மற்றொரு வகை. சிங்கப்பூர்த் தமிழரின் வாழிட வரலாறு முதல்வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு எவ்வாறு நகர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடை காணச் சிராங்கூன் சாலையையும், அதன் தொடர்ச்சியான அப்பர் சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து வடக்கே கடல்வரை சென்ற பொங்கோல் சாலையையும் ஒரே வழித்தடமாகக் கொண்டு, அதன் இரு முனைகளிலும் எடுக்கப்பட்ட நில வகைப்பாட்டு முடிவுகளையும் போக்குவரத்துத் தட முடிவுகளையும் ஒப்பிட்டு நோக்குவோம்.

1822ஆம் ஆண்டுத் திட்டமும் சிராங்கூன் சாலையும்

சிங்கப்பூரின் முதல் நகரத் திட்டம் இன அடிப்படையில் வகுக்கப்பட்டது. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் அமைத்த நகரக் குழுவின் வழிகாட்டுதலில் லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த திட்டப்படம், ஐரோப்பியர், சீனர், மலாய்க்காரர், அரபியர், பூகிஸ் மக்கள் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியது. தென்னிந்திய வணிகரைச் சுட்டிய சூலியா என்னும் பெயரில், சிங்கப்பூர் ஆற்றை ஒட்டிச் சூலியா கம்பம் குறிக்கப்பட்டது. இவ்வகையில், தமிழர் எங்கு வாழவேண்டும் என்பதை ஒரு வரைபடம் தீர்மானிக்க முயன்றமைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

எனினும் தமிழரின் அடையாள இடமாகப் பின்னாளில் நிலைத்தது அவ்வரைபடம் ஒதுக்கிய ஆற்றங்கரை அன்று. அதில் இடம்பெறாத சிராங்கூன் சாலையே ஆகும். அதனை உருவாக்கியது தொழில். செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் அங்கு இயங்கின. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு சாலைப் பணியிலும் சூளைப் பணியிலும் பயன்பட்டது. நீரும் புல்லும் நிறைந்த தாழ்நிலம் கால்நடை வணிகத்திற்கு ஏற்றதாக இருந்தது. தொழிலைத் தொடர்ந்து மக்களும், மக்களைத் தொடர்ந்து கோயில்களும் வந்தன. ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் 1855இலும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் 1881இலும் தோன்றின. காளியம்மன் கோயிலுக்கு மக்கள் வழக்கில் நிலவிய பெயர் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்பதாகும். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயர் எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். இப்பெயர்களை எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. அங்கு உழைத்தோரின் நாவில் அவை பிறந்தன.

1930களில் நகராட்சி சுகாதாரக் காரணங்களை முன்னிட்டுக் கால்நடைத் தொழிலை இப்பகுதியிலிருந்து அகற்றியது. எருமைகள் மறைந்தன; பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் எஞ்சின. நகரம் வளரும்போது, நகரத்தை வளர்த்த தொழில்களே முதலில் வெளியேற்றப்படுகின்றன என்பதை இங்குக் கருத்திற் கொள்ளவேண்டும். அவ்வாறு வெளியேற்றப்பட்டவற்றுள் சில, இவ்வழித்தடத்தின் மறுமுனையை நோக்கிச் சென்றன.

நகரத்தின் புறவாயில்

பொங்கோல் என்னும் மலாய்ப் பெயருக்கு, மரத்திலுள்ள கனிகளை வீழ்த்தக் கழி எறிதல் என்று பொருள் கூறுவர். வாக் சுமாங் என்பவர் பெயரால் வழங்கிய மலாய்க் கம்பம் ஒன்று அதன் கடல்முனையில் இருந்தது. பின்னர்ச் சீனக் குடியேறிகள் ரப்பர்த் தோட்டங்களையும் கோழி, பன்றிப் பண்ணைகளையும் அமைத்தனர்.

சிராங்கூனையும் பொங்கோலையும் இணைக்கும் இந்தியத் தொடர்பு ஒன்று தமிழ் எழுத்துகளில் அரிதாகவே பேசப்படுகிறது. இந்திய வம்சாவளியினரும் செல்வந்தருமான வில்லியம் லாரன்ஸ் சோமா பசாப்பா, சிராங்கூன் சாலையிலிருந்த தம் இடத்தில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்துவந்தார். நகருக்குள் தொடங்கிய அவ்விலங்குக் காட்சியகம் 1928இல் பொங்கோல் கடற்கரைக்கு இடம்பெயர்ந்தது. சிங்கப்பூரின் தொடக்ககால விலங்குக் காட்சியகங்களுள் குறிப்பிடத்தக்கது அது. போர் நெருங்கியபோது பிரிட்டிஷ் படையினர் அந்நிலத்தைப் பாதுகாப்புப் பணிக்கென எடுத்துக்கொண்டனர். விலங்குகளை அகற்றப் பசாப்பாவுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் 24 மணி நேரமே. அது போதவில்லை, காட்சியகம் அழிந்தது. பசாப்பா 1943இல் காலமானார். அதே கடற்கரையில் 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஜப்பானியப் படையினர் சீன ஆடவர் முந்நூறு முதல் நானூறு பேரைச் சுட்டுக்கொன்றனர். அந்நிகழ்வின் நினைவுக்கல் இன்று அங்கு உள்ளது.

விடுதலைக்குப் பின் பொங்கோலுக்குக் கிடைத்த பணி, நகரம் ஏற்க விரும்பாதவற்றை ஏற்பது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தூய்மையாகக் காக்கும் நோக்கில் 1970களில் பன்றி வளர்ப்பு பொங்கோலில் குவிக்கப்பட்டது. 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்தாண்டுகளுக்குள் தூய்மைப்படுத்தவேண்டும் என அறைகூவல் விடுத்தபின், காலாங் படுகையிலிருந்த ஏறத்தாழ 600 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் இடம்மாற்றப்பட்டன அல்லது மூடப்பட்டன. பின்னர் 1984இல் பன்றி வளர்ப்பையே நாட்டில் படிப்படியாக நிறுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டது. அரசின் சொற்படி பொங்கோலுக்கு வந்து முதலீடு செய்த பண்ணைக்காரர், சுமார் பத்தாண்டுகளுக்குள் அரசின் சொற்படியே தொழிலைக் கைவிட நேர்ந்தது. 1990ஆம் ஆண்டளவில் பண்ணைகள் முற்றிலும் நின்றன.

இவ்வளவு விரைவான நில மாற்றத்திற்குச் சட்ட அடித்தளம் 1966ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமாகும். 1973இல் அச்சட்டம் திருத்தப்பட்டபின், எடுக்கப்படும் நிலத்திற்கான இழப்பீடு 1973 நவம்பர் 30ஆம் நாளின் சந்தை விலையை மிஞ்சலாகாது என்னும் உச்சவரம்பு பல்லாண்டு நீடித்தது. முழுச் சந்தை விலையில் இழப்பீடு வழங்கும் முறை 2007இல்தான் வந்தது. குறைந்த விலையில் நிலம் கிடைத்தமையாலேயே பெருவாரியான மக்களுக்குக் கட்டுப்படியான விலையில் வீடு தர இயன்றது என்பது உண்மை. அவ்வீடுகளின் விலையில் ஒரு பகுதியை நிலத்தை இழந்தோர் செலுத்தினர் என்பதும் உண்மையே. இரண்டையும் ஒருசேரக் கூறாத வரலாறு முழுமை பெறாது.

1989: ஓராண்டின் மூன்று முடிவுகள்

தமிழர் வாழிட வரலாற்றில் 1989ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை எனலாம். அவ்வாண்டில் மூன்று போக்குகள் ஒருங்கு கூடின.

முதலாவது, இன ஒருங்கிணைப்புக் கொள்கை. அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் அறிவித்த இக்கொள்கை மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தவரும் இருக்கத்தக்க உச்ச விகிதம் இதன்வழி நிர்ணயிக்கப்பட்டது. இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து அக்கம்பக்க அளவில் 10 விழுக்காடு, ஓர் அடுக்குமாடித் தொகுதியில் 13 விழுக்காடு என்பது தொடக்க வரம்பு. 2010இல் இது 12, 15 என உயர்த்தப்பட்டது.

இரண்டாவது, லிட்டில் இந்தியா பாதுகாப்பு. ஜூலை 7ஆம் நாள் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. கடைவீடுகளின் முகப்பும் கூரையும் சட்டத்தின் காவலைப் பெற்றன.

மூன்றாவது, பொங்கோல் பண்ணைகளின் வெளியேற்றம். அது அவ்வாண்டளவில் நிறைவை நெருங்கி, பரந்த நிலம் ஒன்று புதுநகருக்கெனக் காலியாயிற்று.

இம்மூன்றும் ஒரே கோப்பில் எடுக்கப்பட்ட முடிவுகள் அல்ல. ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாகக் காட்டுவதும் பொருந்தாது. ஆயினும் அவற்றின் கூட்டு விளைவைப் பிரித்துப் பார்க்க இயலாது. சிராங்கூனில் தமிழரின் கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டன. தமிழர் வாழ்வதோ தீவெங்கும் சீராகப் பரவுமாறு ஒழுங்குபடுத்தப்பட்டது. 1822ஆம் ஆண்டுத் திட்டம் இனங்களைப் பிரிப்பதற்காக இனத்தைக் கணக்கிட்டது. 1989ஆம் ஆண்டுக் கொள்கை இனங்களைக் கலப்பதற்காக இனத்தைக் கணக்கிட்டது. நோக்கம் நேர்மாறானது, அளவுகோல் ஒன்றே.

கொள்கையின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஒரே மின்தூக்கியிலும் ஒரே விளையாட்டு மைதானத்திலும் நான்கு மொழி பேசுவோர் சந்திக்கும் வாழ்வை அது நிலைநாட்டியது. அதன் சுமையும் கண்கூடு. வரம்பு எட்டப்பட்ட தொகுதியில் வீடு விற்க விரும்பும் சிறுபான்மையினர், வரம்பை எட்டிய இனத்தாருக்கு விற்க இயலாமையால் வாங்குவோர் எண்ணிக்கை சுருங்கி, விலை குறைதலும் காலம் நீள்தலும் நிகழ்ந்தன. இதனை உணர்ந்தே, உரிய முயற்சிக்குப் பின்னும் விற்க இயலாதோரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் அறிமுகமாயிற்று.

பாதுகாப்பிற்கும் இரு முகம் உண்டு. 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டபின், காக்கப்பட்ட கடைவீடுகளின் வாடகையைச் சந்தையே நிர்ணயித்தது. சுவர்களுக்குக் கிடைத்த காவல் அவற்றினுள் நடந்த தொழில்களுக்குக் கிடைக்கவில்லை.

பொங்கோல் 21: திட்டமும் காலமும்

1991ஆம் ஆண்டுக் கருத்துருத் திட்டம் நகர மையத்தின் நெரிசலைத் தணிக்க வட்டார மையங்களை முன்மொழிந்தது. இச்சிந்தனையின் தொடர்ச்சியில், 1996ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் தோங் 'பொங்கோல் 21' திட்டத்தை அறிவித்தார். நீர்முகத்தை ஒட்டிய நகரம், பொதுப் பசுந்திடலைச் சூழ்ந்த சிறிய பேட்டைகள், அரசாங்க வீடுகளோடு தனியார் வீடுகளும் கலந்த அமைப்பு, வீட்டருகே இலகு ரயில் என்பன அதன் கூறுகள்.

அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வீட்டுக்கான தேவை சரிந்தது. வரிசைப் பதிவு முறைக்கு மாற்றாக, விண்ணப்பங்கள் போதிய அளவு வந்தபின் கட்டும் பிடிஓ முறை 2001இல் அறிமுகமாயிற்று. நம்பிக்கையோடு முதலில் குடியேறியோர், வெற்று நிலங்களுக்கிடையே, கடைகளும் வசதிகளும் குறைந்த சூழலில் பல்லாண்டு வாழ்ந்தனர். 2007இல் பிரதமர் லீ சியன் லூங் புதுப்பித்த திட்டத்தை அறிவித்தார். பொங்கோல் ஆறும் சிராங்கூன் ஆறும் முகத்துவாரங்களில் அணையிடப்பட்டு நீர்த்தேக்கங்களாயின. அவ்விரண்டையும் இணைத்து நகரின் நடுவே 4.2 கிலோமீட்டர் நீள நீர்வழி வெட்டப்பட்டு 2011 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பொங்கோலில் 1,70,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

தடமும் நிலையமும்

சாலையும் ரயிலும் எவ்வழி செல்லவேண்டும் என்னும் முடிவு, நில வகைப்பாட்டைவிட நெருக்கமாக மக்கள் வாழ்வைத் தொடுகிறது. 2003 ஜூன் 20ஆம் நாள் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதை, துறைமுக முனையிலிருந்து லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், சிராங்கூன், ஹவ்காங், செங்காங் வழியாகப் பொங்கோலை அடைந்தது. பழைய சிராங்கூன் வழித்தடத்தையே அது பெரும்பாலும் நிலத்தடியில் பின்பற்றியது. மாட்டுவண்டியும் பசாப்பாவின் விலங்குகளும் சென்ற திசையில் இப்போது ஓட்டுநரில்லா ரயில் செல்கிறது.

நிலையம் கட்டப்பட்டுவிட்டால் அது திறக்கப்படும் என்பதில்லை. அருகில் போதிய குடும்பங்கள் இல்லை என்னும் காரணத்தால் புவாங்கோக், உட்லீ நிலையங்கள் மூடியே இருந்தன. 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் வருகையின்போது புவாங்கோக் நிலையத்தருகே வெள்ளை யானை வடிவ அட்டைகள் நிறுத்தப்பட்டமை, குடியிருப்பாளர் மனநிலையை வெளிப்படுத்திய அரிய நிகழ்வாகும். அந்நிலையம் 2006 ஜனவரியிலும், உட்லீ 2011இலும் திறக்கப்பட்டன. பொங்கோலின் மேற்கு இலகு ரயில் தடம் 2014 ஜூன் வரை காத்திருந்தது. அத்தடத்தின் தெக் லீ நிலையம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. திட்டப்படத்தில் ஒரு புள்ளியாகக் காணப்படுவதற்கும், மழைநாளில் ஒரு முதியவர் அதில் இறங்கி வீடு செல்வதற்கும் இடையே இருபதாண்டு கழியக்கூடும்.

அண்மைக்கால மாற்றமும் கருதத்தக்கது. பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தில், ஒவ்வொரு மனைக்கும் ஒரே பயன்பாட்டை விதிக்கும் பழைய முறை தளர்த்தப்பட்டு, வணிகமும் பல்கலைக்கழகமும் நிலத்தைக் கலந்து பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் 2024இல் அங்குக் குடிபுகுந்தது. பொங்கோல் கோஸ்ட் நிலையம் அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. பழைய பொங்கோல் சாலையின் ஒரு பகுதியோ வாகனங்கள் நீக்கப்பட்டு மரபுடைமைப் பாதையாக மாற்றப்பட்டது. சாலையே நினைவுச் சின்னமாகியது எனலாம்.

பெயரும் நினைவும்

பொங்கோல் வட்டார நிலையப் பெயர்களை வகைப்படுத்தின் இரு பிரிவுகள் புலப்படும். சுமாங் என்பது அங்கு வாழ்ந்த கம்பத்தின் நினைவு. செங்காங்கிலுள்ள ரங்கோங், சிராங்கூன் என்னும் பெயருக்கே மூலமாகக் கருதப்படும் நீர்ப்பறவையின் பெயர். இவை மண்ணிலிருந்து எழுந்தவை. சமுத்ரா, டாமாய், கடலூர், தங்கம் ஆகியவை திட்டத்திலிருந்து எழுந்தவை. பெரும்பான்மையினர் பேசாத மொழியொன்றுக்கு நாட்டின் வரைபடத்தில் நிகரான இடம் கொடுக்கும் இப்பண்பு போற்றத்தக்கது. பல நாடுகளில் தமிழர்க்குக் கிட்டாத மதிப்பு இது. எனினும் சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயர் ஒரு தொழிலையும் ஒரு கோயிலையும் ஒரு தலைமுறையின் வியர்வையையும் சுமந்ததுபோல், கடலூர் என்னும் பெயர் எதனையும் இன்னும் சுமக்கவில்லை.

இதற்குத் தமிழரைக் குறைகூற இயலாது. பொங்கோல், இன விகிதம் நடைமுறைக்கு வந்தபின் முதல் தொகுதியிலிருந்தே கட்டப்பட்ட நகரம். அங்கு வாழும் தமிழ்க் குடும்பம் தன் தளத்தில் பெரும்பாலும் தனித் தமிழ்க் குடும்பமாக இருத்தல் கணக்கின் விளைவு. வழிபாட்டிடங்களுக்கும் திட்டத்தில் தனி மனைகள் வகுக்கப்படுகின்றன. இவ்வட்டாரத்தார்க்கு அருகிலுள்ள வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் செங்காங்கின் ரிவர்வேல் கிரசண்டில் உள்ளது. தம் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத உயர்நிலை மாணவர், உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தை நாடிச் சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலைக்கே வருகின்றனர். பொங்கோல் மாணவனுக்கும் அதே ரயில் பாதை, அதே திசை. தொழில்கள் வெளியேறிய வழியே மொழி கற்போர் திரும்பி வருகின்றனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒன்று, 1822இலும் 1989இலும் தமிழர் வாழிடத்தை அரசின் திட்டம் இனத்தைக் கொண்டே அளந்தது. ஆயின் தமிழரின் நிலைத்த அடையாள இடம் திட்டத்திற்கு வெளியே, தொழிலின்வழி உருவாயிற்று. இரண்டு, லிட்டில் இந்தியாவின் காப்பும் பொங்கோலின் புத்தாக்கமும் ஒரே வழித்தடத்தின் இரு முனைகளில் நிகழ்ந்தவை; ஒன்றை மரபென்றும் மற்றொன்றை வளர்ச்சியென்றும் தனித்தனியே கற்பிப்பதால் தமிழர் எங்கு வாழ்கின்றனர் என்னும் வினாவே மறைந்துவிடுகிறது. மூன்று, திட்டம் பெயரை வழங்க வல்லது. அப்பெயருக்குரிய நினைவை அங்கு வாழ்வோரே ஆக்கவேண்டும்.

எனவே பாடநூல்களில் சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு தேக்காவோடு முடிந்துவிடுவது இனியும் ஏற்புடையதன்று. 2000களின் தொடக்கத்தில் வெற்று நிலத்தின் நடுவே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழிகள் இப்போதே பதிவு செய்யப்படவேண்டும். முதல் தீபாவளியை எந்த மாடியில் கொண்டாடினர், வாழையிலைக்கும் மளிகைக்கும் எங்குச் சென்றனர், பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு எங்குக் கிடைத்தது என்பன சிறிய வினாக்களாகத் தோன்றலாம். சுண்ணாம்புக் கம்பத்தைப் பற்றி நாம் இன்று அறிய விழைவன இத்தகையனவே; அவற்றை அன்று எழுதிவைப்பார் இலர். கடலூர் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் தமிழ் மாணவர்க்கு அப்பெயர் அறிவிப்புப் பலகையாக மட்டும் நிற்குமா, தம் ஊரின் பெயராக ஆகுமா என்பது தமிழாசிரியர்களாகிய நம் கைகளிலும் உள்ளது.